கண்டவரும் சொன்னவரும் கேட்டவரும்: நியூயோர்க் மாநகரக் கணக்குகள் (1871) பற்றிய ஒரு வர்க்க நோக்கு

உள்ளூராட்சி மன்றங்களில் நிகழும் நிதிமோசடிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒழுக்கவியலின் மொழியிலேயே எழுதிவந்துள்ளனர். பேராசை கொண்ட சிலர் பொதுப்பணத்தைச் சூறையாடினர். நேர்மையாளர் சிலர் அதனைக் கண்டு வெளிப்படுத்தினர். ஈற்றில் நீதி வென்றது என்பதே இவ்வெழுத்துக்களின் பொதுவான கதையமைப்பு. நாட்டார் கதைகளை ஆராய்வோருக்கு இவ்வமைப்புப் புதியதன்று. ஆயின், வரலாற்றைச் சமூக உறவுகளின் இயக்கமாகக் காண முயல்வோருக்கு வேறு வினாக்கள் எழுகின்றன. மோசடியை முதலில் அறிந்தவர் யாவர்? அறிந்தும் அவர்கள் வாளாவிருந்தது எதனால்? அது வெளியிற் சொல்லப்பட்டபோது எவ்வர்க்கத்தினர் அதனைச் செவிமடுத்தனர்? செவிமடுத்தோர் அவ்வுண்மையைக் கொண்டு என்ன செய்ய முற்பட்டனர்? 1871 ஆம் ஆண்டு நியூயோர்க் மாநகரிலே வெளிப்படுத்தப்பட்ட மோசடியை முன்வைத்து இவ்வினாக்களை நாம் ஈண்டு நோக்குவோம். உள்ளூராட்சி மோசடி பற்றிய நூல்களில் இன்றும் முதலிற் கூறப்படும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று இது. அடிக்கடி கூறப்படுவதாலேயே அதன் உட்பொருள் மழுங்கிப்போயிற்று எனலாம்.

1870 இல் நியூயோர்க்கின் சனத்தொகை ஏறக்குறைய 9 இலட்சத்து 40 ஆயிரம். இவர்களுட் பத்தில் நால்வருக்கு மேற்பட்டோர் பிறநாடுகளிற் பிறந்தவர். பெரும்பான்மையோர் அயர்லாந்தினதும் ஜேர்மனியினதும் உழைப்பாளர். துறைமுகத்திலும் கட்டட வேலைகளிலும் கூலி பெற்ற இம்மக்களுக்கு வேலையிழப்பு, நோய், வீட்டுவாடகை ஆகியவற்றை எதிர்கொள்ள அரசு எவ்வகைக் காப்பும் அளிக்கவில்லை. ஆனால் ஆண்களுக்கு வாக்குரிமை இருந்தது. வறுமையும் வாக்குரிமையும் ஒருங்கே அமைந்த இந்நிலைக்களனிலேதான் சனநாயகக் கட்சியின் நகரக் கிளையாகிய டம்மனி மண்டபம் வேரூன்றிற்று. குளிர்காலத்தில் நிலக்கரி, மாநகர வேலைத்தலங்களிற் கூலிவேலை, பொலிசாரிடம் பரிந்துரை. இவற்றுக்குக் கைம்மாறு தேர்தல் நாளில் ஒரு வாக்கு. நாற்காலி செய்வோன் ஒருவனின் மகனாக 1823 இற் பிறந்து, தீயணைப்புக் குழுவொன்றின் தலைவனாகி, அதன் செல்வாக்கினால் 1850 களின் தொடக்கத்தில் மாநகர சபைக்குச் சென்ற வில்லியம் டுவீட் இவ்வமைப்பின் தலைவனாயினார். மேயர் ஓக்கி ஹோல், நிதிக் கட்டுப்பாட்டாளர் ரிச்சர்ட் கொனொலி, பீற்றர் சுவீனி ஆகிய மூவரும் அவரோடு சேர்ந்த நால்வர் குழுவே வரலாற்றில் 'டுவீட் வளையம்' எனப் பெயர் பெற்றது.

மோசடி எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்த்தல் தகும். ஏனெனில், சட்டத்தை மீறியே மோசடி நடைபெறும் என்னும் பொதுக்கருத்தை இவ்வரலாறு பொய்யாக்குகின்றது. 1857 இல் அமைக்கப்பட்ட கவுண்டி மேற்பார்வையாளர் சபை, ஊழலைத் தடுப்பதற்கென்றே இரு கட்சியினரையும் சம எண்ணிக்கையிற் கொண்டதாக வகுக்கப்பட்டது. ஒருவரையொருவர் கண்காணிப்பர் என்பது எதிர்பார்ப்பு. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் குறித்த ஒரு கூட்டத்துக்கு வராதிருப்பதற்காக 2,500 டொலர் கொடுக்கப்பட்டதாகப் பின்னாளில் டுவீட்டே வாக்குமூலம் அளித்தார். சமநிலையின் விலை அவ்வளவே. அடுத்து, 1870 ஏப்பிரலில் மாநிலச் சட்டசபை நகருக்குப் புதிய சாசனம் வழங்கிற்று. நகராட்சிச் சுயாதீனத்தின் வெற்றி என அன்று சீர்திருத்தவாதிகள் சிலராலும் பாராட்டப்பட்ட அந்த ஏற்பாட்டின்கீழ், கவுண்டிக்கு எதிரான கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் கணக்காய்வுச் சபையில் மேயர், நிதிக் கட்டுப்பாட்டாளர், மேற்பார்வையாளர் சபையின் தலைவர் ஆகியோர் அமர்ந்தனர்; அதாவது ஹோல், கொனொலி, டுவீட். திருடுவோரே கணக்காய்வாளராகவும் அமர்ந்த இச்சபை 60 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட உறுதிச்சீட்டுகளை அங்கீகரித்தது. அவற்றுட் பெரும்பங்கு மோசடியானது. ஒவ்வொரு சீட்டிலும் உரிய கையொப்பங்கள் இருந்தன. முறைப்படி நோக்கின் குறையேதும் இல்லை!

செயல்முறை எளிது. மாநகரத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தகாரர் உண்மைத் தொகையைவிடக் கூட்டிக் கணக்கெழுதவேண்டும். கூட்டியது வளையத்தைச் சேரும். முதலிற் சிறு வீதமாக இருந்த இப்பங்கு, 1870 அளவில் மொத்தத் தொகையின் அரைவாசியைக் கடந்து 65 சதவீதம் வரை ஏறியது. இதற்கு வாய்ப்பான களமாக அமைந்தது கவுண்டி நீதிமன்றக் கட்டடம். 1858 இல் 2 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் ஒதுக்கப்பட்டுத் திட்டமிடப்பட்ட அக்கட்டடத்தின் செலவு ஒரு கோடி டொலரையும் தாண்டிற்று. 1867 இல் ரஷ்யப் பேரரசிடமிருந்து அலாஸ்காப் பெருநிலம் முழுவதையும் ஐக்கிய அமெரிக்கா வாங்கியது 72 இலட்சம் டொலருக்கு என்பதை நினைவிற் கொண்டால் இத்தொகையின் பரிமாணம் விளங்கும். சாந்து பூசும் ஒப்பந்தகாரரான கார்வி என்பவரின் பெயரில் எழுதப்பட்டது 28 இலட்சத்து 70 ஆயிரம் டொலருக்கு மேல். மரவேலை மிகக் குறைவாகவே காணப்பட்ட அக்கட்டடத்தில் ஒரு தச்சருக்கு ஒரு மாத வேலைக்கென 3 இலட்சத்து 60 ஆயிரம் டொலர் கணக்கிடப்பட்டது. தளபாடம், கம்பளம், சாளரத்திரை ஆகியவற்றுக்கு 50 இலட்சத்துக்கு மேல் இங்கர்சொல் என்பவரின் நிறுவனத்துக்குச் சென்றது.

இம்மோசடியை இனங்காண்பதற்கு நுண்ணிய கணக்கியல் அறிவு தேவைப்படவில்லை என்பது இவ்விபரங்களாற் புலனாகும். செய்த வேலையின் அளவையும் கொடுத்த பணத்தின் அளவையும் அருகருகே வைத்தாற் போதும். ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருதல், வெவ்வேறு பெயர்களுக்கு எழுதப்பட்ட பணக்கட்டளைகள் ஒரே ஆளின் மேலொப்பத்துடன் மாற்றப்படுதல், யாரும் பயன்படுத்தாத மேல்மாடிகளுக்குப் படைக்கொட்டில் என்ற பெயரில் வாடகை கொடுத்தல் என்பன பேரேட்டைத் திறந்தவர் எவர்க்கும் தென்படக்கூடியவை. எனவே, காண்பதற்கு அரியதாயிருந்தமையால் மோசடி நீடித்தது என்பது பொருந்தாது. அது கண்டும் காணப்படாமல் இருந்தது. இதற்குச் சான்றாக இரு செய்திகளைக் குறிப்பிடலாம்.

முதலாவது, 1870 நவம்பர்த் தேர்தலுக்கு முன்னர் நகரின் பெருஞ் செல்வர் அறுவர், மூன்றாம் ஜோன் ஜேக்கப் ஆஸ்ரர் தலைமையில், கொனொலியின் கணக்கேடுகளைப் பார்வையிட்டு அவை செவ்வனே பேணப்பட்டுள்ளன எனச் சான்றிதழ் வழங்கினர். நகரின் மிகப்பெரும் நிலவுடைமைக் குடும்பமொன்றின் தலைவரும் அவரையொத்த வணிகரும் அவ்வேடுகளில் எதனைக் கண்டனர் என்பதைவிட, எதனைக் காண விரும்பவில்லை என்பதே எம் கவனத்துக்குரியது. நிலத்தின் விலையை உயர்த்திய வீதிகளும் பூங்காக்களும் வளையத்தின் ஆட்சியிலேயே விரிந்தன. நகரின் கடன்முறிகள் நல்ல வட்டி தந்தன. சொத்தின் மதிப்பீட்டைக் குறைத்துக்கொள்ளவும் வழியிருந்தது. இரண்டாவது செய்தி பத்திரிகைகள் பற்றியது. மாநகர விளம்பரங்களுக்கான பணம் ஏடுகள் பலவற்றின் வாயை அடைத்திருந்தது. பின்னர் வெளிப்படுத்தற் பணியிற் புகழீட்டிய 'நியூயோர்க் டைம்ஸ்' ஏட்டின் பணிப்பாளருள் ஒருவர், டுவீட்டின் அச்சுக் கம்பனியில் அவருடைய பங்காளி. அப்பங்காளி 1870 இல் இறந்த பின்னரே அவ்வேடு டுவீட்டை முழுமூச்சாகத் தாக்கத் தொடங்கிற்று. பத்திரிகைச் சுதந்திரத்தின் இலக்கிய வரலாற்றை எழுதுவோர் இச்சாவைக் குறிப்பிட மறந்துவிடுவதுண்டு.

கண்டவர் பலராயினும் சொன்னவர் மிகச் சிலரே. சொல்வதற்கான வாயில் ஒரு விபத்தினால் திறந்தது. 1871 ஜனவரியில், வளையத்தின் இரகசியக் கணக்குகளைப் பேணிவந்த கவுண்டிக் கணக்காய்வாளர் ஜேம்ஸ் வற்சன் பனிச்சறுக்கு வண்டி விபத்திற் காயமுற்று இறந்தார். அதனைத் தொடர்ந்த பதவி மாற்றங்களிற் கணக்குப் பதிவாளராக அமர்ந்தவர் மத்தியூ ஓறூர்க். முன்னர் பத்திரிகையாளராயிருந்த இவர் படைக்கொட்டில் வாடகைக் கணக்குகளைக் கண்டு பிரதிசெய்துகொண்டார். அதே அலுவலகத்தில் வில்லியம் கோப்லாண்ட் என்னும் இலிகிதரும் நீதிமன்றக் கட்டடக் கணக்குகளைப் படியெடுத்தார். கோப்லாண்டை அங்கு வேலைக்கு அமர்த்தியவர் முன்னாள் ஷெரீப் ஜேம்ஸ் ஓபிரையன். இவர் டம்மனிக்குள்ளேயே டுவீட்டின் போட்டியாளர். மாநகரம் தமக்குத் தரவேண்டியது என மூன்று இலட்சம் டொலருக்கு மேல் கோரி மறுக்கப்பட்டவர். ஓறூர்க்குக்கும் நகரத்தின்மீது தீராத கோரிக்கையொன்று இருந்தது.

இவர்களின் நோக்கங்களைத் தூய்மையானவை என எவரும் கூறார். ஆயினும் ஒரு வேறுபாட்டை வற்புறுத்தல் வேண்டும். சொன்னவனின் நோக்கம் வேறு, சொல்லப்பட்டதன் மெய்ம்மை வேறு. ஓபிரையன் பழிவாங்கவே முயன்றார் என்பதால் கார்வியின் கணக்கு ஒரு சதமேனும் குறைந்துவிடாது. இலிகிதர் ஒருவர் மாதச் சம்பளத்துக்குப் பேரேடெழுதும் மேசையிலிருந்து, மேலதிகாரியின் கண்ணிற் படாமல் எண்களைப் பெயர்த்தெழுதிய அச்செயல் இவ்வரலாற்றின் உண்மையான மையம் என நாம் கருதுகின்றோம். நூல்கள் ஆசிரியரையும் ஓவியரையும் போற்றுகின்றன. படியெடுத்த கை அடிக்குறிப்பில் நிற்கின்றது. நிதி நிருவாகம் எத்துணை மறைக்கப்பட்டாலும் அதனை எழுதுவதற்கு ஊதிய உழைப்பு தேவைப்படுகின்றது என்பதும், அவ்வுழைப்பாளர் எழுத்தறிந்தவராயிருக்கவேண்டும் என்பதும் அவ்வமைப்பின் உள்முரண்பாடாகும்.

1871 ஜூலை 8 இல் படைக்கொட்டில் வாடகை பற்றிய விபரங்களும், ஜூலை 22 முதல் நீதிமன்றக் கட்டடக் கணக்குகளும் டைம்ஸில் வெளிவந்தன. வெளியிடாதிருப்பதற்காக 50 இலட்சம் டொலர் தர கொனொலி முன்வந்ததாக ஏட்டின் உரிமையாளர் ஜோர்ஜ் ஜோன்ஸ் பின்னர் தெரிவித்தார். ஜூலை 29 இல் வெளிவந்த சிறப்பிணைப்பு ஆங்கிலத்தோடு ஜேர்மன் மொழியிலும் அச்சிடப்பட்டது. நகரத் தொழிலாளரின் ஒரு பகுதியினருக்கு அவர்தம் மொழியிலேயே மாநகரக் கணக்கு கிடைத்தது அப்போதுதான். இவ்விணைப்பின் நடையும் கவனத்துக்குரியது. வருணனை, கண்டனம் யாவும் ஒதுக்கப்பட்டு, பெயர், நாள், தொகை என்பன நிரல்களாக அடுக்கப்பட்டிருந்தன. கணக்கேடே இலக்கிய வடிவமாயிற்று எனலாம்.

'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் தோமஸ் நாஸ்ற் வரைந்த கேலிச்சித்திரங்கள் இதற்கு மாறானவை. வட்டமாக நிற்கும் வளையத்தினர் ஒவ்வொருவரும் திருடன் யாரென்ற வினாவுக்கு அடுத்தவரைச் சுட்டும் சித்திரம் (1871 ஓகஸ்ட்) கலைச்செப்பம் மிக்கது. பொறுப்பு ஓரிடத்தும் தங்காத நிருவாக முறைமையையே அது படமாக்கிவிட்டது. ஆனால் அதே கை அயர்லாந்து உழைப்பாளரைக் குரங்கு முகத்துடனும், கத்தோலிக்க ஆயர்களைக் கங்கையிலிருந்து கரையேறும் முதலைகளாகவும் தீட்டிற்று. கங்கையும் முதலையும் அந்நியத்தின் குறியீடாக அங்கு நின்றமை கீழைத்தேயத்தவராகிய எமக்குச் சிரிப்பை மட்டும் தருவதன்று. மோசடிக்கு எதிரான சினமும் ஏழைக் குடிவரவாளர் மீதான வெறுப்பும் ஒரே கோட்டில் வரையப்பட்டன. அவற்றைப் பிரித்தறியும் வாய்ப்பு வாசகருக்கு அளிக்கப்படவில்லை.

ஆதாரங்கள் வெளிவந்த வேளையில் வேறிரு நிகழ்ச்சிகளும் சேர்ந்தன. ஜூலை 12 இல் அயர்லாந்துப் புரட்டஸ்தாந்தரின் ஊர்வலத்தை ஒட்டி எழுந்த கலவரத்திற் படையினர் சுட்டதில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏழைகளை அமைதியாக வைத்திருப்பர் என்பதற்காகவே வளையத்தினரைப் பொறுத்துவந்த உடைமை வர்க்கத்தினருக்கு அந்நம்பிக்கை தகர்ந்தது. பாரிஸ் கொம்யூன் வீழ்ந்து இரண்டு மாதமும் ஆகாத அக்காலத்தில், நகரின் ஏடுகள் இக்கலவரக்காரரைக் கொம்யூன்காரரோடு ஒப்பிட்டன. மற்றையது கடன்முறிகள் பற்றியது. சில ஆண்டுகளுக்குள் நகரின் கடன் இரு மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. கணக்குகள் அச்சில் வந்ததும் ஐரோப்பிய வங்கியாளர் நியூயோர்க் முறிகளை வாங்கத் தயங்கினர். மோசடி ஒழுக்கக்கேடாயிருந்தவரை அது பொறுக்கப்பட்டது. கடன் தகைமைக்கு ஊறாகியபோதே குற்றமாயிற்று. செப்டெம்பர் 4 இல் கூப்பர் யூனியன் மண்டபத்திற் கூடிய பெருங்கூட்டம் வணிகரும் வழக்கறிஞரும் நிறைந்த 'எழுபதின்மர் குழு'வை அமைத்தது. ஓராண்டுக்கு முன்னர் சான்றிதழ் அளித்த வர்க்கமே இப்போது வழக்குத் தொடுக்கும் வர்க்கமாயிற்று.

அடுத்த சில நாட்களில் நிதிக் கட்டுப்பாட்டாளரின் அலுவலகத்திலிருந்து ஏறக்குறைய 3,500 உறுதிச்சீட்டுகள் களவாடப்பட்டன. எரிந்த எச்சங்கள் நகர மண்டபத்தின் பரணிற் காணப்பட்டன. ஆனால் பணம் அரசாங்க ஏடுகளில் மட்டும் தடம் பதிப்பதில்லை. சனநாயகக் கட்சியின் மாநிலத் தலைவரும் புகையிரதக் கம்பனிகளின் வழக்கறிஞருமான சாமுவேல் டில்டன், அந்த இலையுதிர்காலம் வரை வாய்திறவாதிருந்தவர், புரோட்வே வங்கியின் ஏடுகளைப் பரிசோதித்தார். மாநகரம் ஒப்பந்தகாரருக்குக் கொடுத்த தொகை, அதே நாளிலோ அடுத்த நாளிலோ குறித்த வீதப்படி பிரிந்து டுவீட்டின் கணக்கில் வைப்பாகியமை எண்ணுக்கு எண் வெளிப்பட்டது. டுவீட்டுக்குச் சென்றதாக இவ்வழியிற் காட்டப்பட்டது மட்டும் 9 இலட்சம் டொலருக்கு மேல். அவர் 1873 நவம்பரில் குற்றவாளியாகக் காணப்பட்டார். 1875 இல் தப்பியோடி, ஸ்பெயினிற் பிடிபட்டு, 1878 ஏப்பிரல் 12 இல் சிறையிலேயே மாண்டார். ஹோல் விடுதலை பெற்றார். கொனொலியும் சுவீனியும் வெளிநாடு சென்றனர். கார்வியும் இங்கர்சொல்லும் அரச தரப்புச் சாட்சிகளாயினர். களவாடப்பட்ட மொத்தத் தொகையைப் பற்றிய மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. மீட்கப்பட்டது அதன் சிறு பகுதியே.

பணத்தை இழந்தவர் யாவர் என்பதிலேதான் இப்பிரச்சினையின் அடிப்படை தங்கியுள்ளது. சொத்துவரி செலுத்துவோர் தாமே இழந்தோம் என்றனர். ஆயின் வீட்டுச் சொந்தக்காரரின் வரிச்சுமை வாடகையாகக் குடியிருப்போர் தலையில் இறங்கியது. கழிகால் வடிகாலும் குடிநீரும் பள்ளியும் கிடையாமற் போனது குடிசையிலும் அடுக்குமாடியிலும் வாழ்ந்தோருக்கே. 1871 செப்டெம்பரில் நீதிமன்றத் தடையுத்தரவினால் நகரின் கொடுப்பனவுகள் நிறுத்தப்பட்டபோது, கூலி கிடையாத வேலையாட்கள் நகர மண்டபத்தை நோக்கிச் சென்றனர். திருட்டினால் ஒருமுறையும் திருட்டைத் தடுத்ததினால் மறுமுறையும் அவர்கள் இழந்தனர். பொறுப்பேற்ற அன்ட்றூ கிறீன் செலவைச் சுருக்கினார், பொதுவேலைகள் குறைந்தன. 1873 பொருளாதார நெருக்கடியின் பின் வேலை கேட்டு 1874 ஜனவரி 13 இல் டொம்கின்ஸ் சதுக்கத்திற் கூடிய வேலையற்றோரைப் பொலிசார் குதிரைகள் மீதிருந்து அடித்துக் கலைத்தனர்.

இதனைக்கொண்டு டுவீட்டை ஏழைகளின் நண்பராகக் காட்டும் போக்கும் ஒன்று உண்டு. கட்சி இயந்திரம் சமூகத்திற்கு மறைமுகமான பணிகளை ஆற்றுகின்றது என்னும் றொபேட் மேட்டனின் செயற்பாட்டியல் விளக்கம் (1949) இதற்குக் கோட்பாட்டு வலுவளித்தது. 1977 இல் லியோ ஹேர்ஷ்கொவிற்ஸ் எழுதிய நூல், டுவீட் பற்றிய குற்றச்சாட்டே எதிரிகள் புனைந்த ஐதீகம் எனுமளவுக்குச் சென்றது. வழக்கு விசாரணையிற் குறைகள் இருந்தன என்பது உண்மை. நாஸ்றின் ஓவியங்களிலிருந்து வரலாறு எழுதலாகாது என்பதும் உண்மை. ஆனால் வங்கியேடு ஓவியமன்று. 1870–71 குளிர்காலத்தில் ஏழைகளுக்கு நிலக்கரி வாங்க டுவீட் 50,000 டொலர் கொடுத்தார். அவருக்குச் சேர்ந்ததாக அவ்வேடு காட்டிய தொகையோடு இதனை ஒப்பிட்டால் ஏழைக்குத் திரும்பிய பங்கு எத்துணை என்பது விளங்கும். முற்போக்கு எண்ணமுடையோர் சிலர், வெளிப்படுத்தியவன் பூர்ஷுவா என்பதற்காக வெளிப்பட்டதையே ஐயுறுவதுண்டு. இது வர்க்க நோக்காகாது.

அதே 1871 இல் மற்றொரு மாநகராட்சி வேறொரு விடையைத் தேடிற்று என்பதையும் இங்கு நினைவுகூரல் வேண்டும். பாரிஸ் கொம்யூன் தன் உத்தியோகத்தரின் உச்சச் சம்பளத்தை ஆண்டுக்கு 6,000 பிராங்காக வரையறுத்தது. பிரதிநிதிகளை வாக்காளர் திருப்பியழைக்கலாம் என்றது. தன் செயல்களோடு தன் குறைகளையும் பொதுமக்களுக்கு வெளியிட்டது என மார்க்ஸ் எழுதினார். இருபதாண்டின் பின், 1891 இல், அந்நூலுக்கு முன்னுரை எழுதிய ஏங்கெல்ஸ், பரம்பரை முடியாட்சியும் பிரபுத்துவமும் இல்லாத அமெரிக்காவிலேயே அரசியலைத் தொழிலாகக்கொண்ட இரு கூட்டங்கள் மாறிமாறி அரசைச் சூறையாடுவதைச் சுட்டி, அதற்கு மாற்றாகக் கொம்யூனின் அவ்விரு ஏற்பாடுகளை எடுத்துக்காட்டினார். இரண்டு மாத காலமே நிலைத்த ஆட்சியொன்றை வைத்து அளவுக்கு மீறிய முடிவுகளுக்கு வருதல் தகாது. நீடித்திருப்பின் என்ன ஆகியிருக்கும் என்பதை எவரும் அறியார். எனினும், மோசடியைத் தடுக்கும் வழி மக்களின் அதிகாரத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்ற வினாவுக்கு அங்கு ஒரு விடை இருந்தது.

நியூயோர்க்கின் விடை எதிர்த்திசையில் அமைந்தது. டுவீட்டை வீழ்த்திய புகழினால் மாநில ஆளுநராகிய டில்டன், நகரங்களின் ஆட்சிமுறையை ஆராய 1875 இல் ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். வழக்கறிஞர் வில்லியம் எவாட்ஸ் தலைமையில், பத்திரிகையாசிரியர் கொட்கினையும் உள்ளடக்கிய அக்குழு 1877 இல் தன் அறிக்கையைக் கையளித்தது. நகரின் வரியையும் செலவையும் கடனையும் தீர்மானிக்கும் அதிகாரத்தை நிதிச்சபையொன்றிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும், நியூயோர்க்கில் அச்சபைக்கு வாக்களிக்கும் உரிமை 500 டொலர் பெறுமதியான சொத்துக்கு வரி செலுத்துவோருக்கும் ஆண்டுக்கு 250 டொலர் வாடகை கொடுப்போருக்கும் மட்டுமே உரியது என்பதும் அதன் சாரம். மாநகரின் உழைப்பாளருட் பெரும்பாலோர் இவ்வெல்லைக்கு வெளியே நின்றனர். ஆஸ்ரர் சான்றிதழைப் பற்றியோ, கூட்டிக் கணக்கெழுதிய ஒப்பந்தகாரரைப் பற்றியோ அன்றி, நிலக்கரிக்காக வாக்களித்தவனைப் பற்றியே ஆணைக்குழு கவலைகொண்டது. அரசியல் யாப்புத் திருத்தமாக இது 1877 இல் மாநிலச் சட்டசபையில் ஒருமுறை நிறைவேறிற்று. சட்டமாவதற்கு அடுத்த சட்டசபையும் அதனை நிறைவேற்றவேண்டியிருந்தது. தொழிற்சங்கத்தவரும் டம்மனியினரும் அதனை எதிர்த்தனர். 1878 இல் அது கைவிடப்பட்டது.